முருகைக்கல் கல்லன்று

தமிழ்ப் புலவர்க்குப் பவளம் என்றால் நிறம். மகளிர் இதழைப் பவளம் என்பர். மாலை வானத்தைப் பவளம் என்பர். செவ்வேளின் மேனிக்கும் சிவபெருமானின் மேனிக்கும் அதனையே உவமை காட்டுவர். நிகண்டுகளைப் புரட்டினால் துகிர், துப்பு, துவர், வித்துருமம், பிரவாளம் எனப் பெயர்கள் வரிசையாக நிற்கும். இவற்றுள் வடசொற்கள் இரண்டையும் சற்று நின்று நோக்குதல் வேண்டும். வித்துருமத்தில் உள்ள துருமம் மரம். பிரவாளத்துக்குத் தளிர் என்றும் ஒரு பொருள் உண்டு. தமிழிலோ கொடிப்பவளம், பவளக்கொடி என்ற வழக்குகள் உள. ஆகவே நம் முன்னோர் அதனைக் கடலடியில் முளைத்துப் படரும் ஒரு செடியாகக் கண்டனர். கரைக்கு வந்தபின் நவமணிகளுள் ஒன்றாக வைத்து நிறுத்து விற்றனர். செடி என்றும் கல் என்றும் இருவகையாகப் பேசிய உலகம், அது ஒரு விலங்கு என்று அறிய 18ஆம் நூற்றாண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. மேலைநாட்டார் நிலையும் இதுவே. 1720களில் பெய்சொனெல் என்ற மார்செய் நகரத்து மருத்துவர், பவளத்தின் பூக்கள் எனப்பட்டவை பூக்கள் அல்ல, இரை பிடித்து உண்ணும் உயிர்கள் என்று எழுதியபோது பாரிஸ் நகரத்து அறிஞர் கழகம் அதனை நம்பவில்லை. அவர் கண்டதைக் கழகத்தில் எடுத்துரைத்த பெரியவர், எழுதியவர் நகைப்புக்கு இடமாகாதிருக்க அவர் பெயரையே மறைத்துவிட்டார்.

இதனைக் கண்டியிலிருந்து எழுதுகிறேன். நாற்புறமும் மலை; ஏரி உண்டு, ஆறு உண்டு, கடல் மட்டும் இல்லை. ஆயினும் உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணாக்கர் தமிழாசிரியனாகிய என்னிடம் வந்து, 'ஒன்றியவாழ்வு' என்ற சொல்லைப் பிரித்துப் பொருள் சொல்லுமாறு கேட்பது வழக்கமாகிவிட்டது. அதற்கு அவர்கள் கற்கும் உதாரணங்களுள் ஒன்று பவளவுயிரும் பாசியும். அண்மையில் ஒரு மாணவி, "ஐயா, பாடத்தில் விலங்கு என்று இருக்கிறது, பெயரில் முருகைக்கல் என்று இருக்கிறது. எதை நம்புவது?" என்று கேட்டாள். சொல்லிலே ஐயம் பிறந்தால் தீர்க்கவேண்டியவன் தமிழாசிரியனே. ஆனால் இந்த ஐயம் சொல்லோடு முடிவதன்று. கல் என்ற பெயர் நாவில் இருந்தமையால், ஓர் உயிர்க்குலத்தை நாம் காளவாயிலிட்டுச் சுட்டுச் சுவருக்குப் பூசியிருக்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். புலவர் பாடிய பவளம் வேறு. நம் கரையில் உள்ள முருகைக்கல் வேறு. இரண்டும் தூரத்து உறவினவே. நகைக்குரிய செம்பவளம் பண்டுதொட்டு மத்தியதரைக் கடலில் எடுக்கப்பட்டது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடல் வழிநூல், முசிறித் துறையில் மேற்கிலிருந்து வந்திறங்கிய சரக்குகளுள் பவளத்தையும் எண்ணுகிறது. அதே நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி, உரோமப் பெண்கள் இந்திய முத்தை மதித்த அளவுக்கு இந்திய ஆடவர் பவளத்தை மதித்தனர் என்று எழுதியுள்ளார். நம் பட்டினப்பாலையோ, காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் குவிந்த பொருள்களுள் துகிரைக் கீழ்க்கடலுக்கு உரியதாகக் கூறி, ஈழத்து உணவையும் அதனோடு சேர்த்து வைக்கிறது. கீழ்க்கடலோ மேல்கடலோ, துகிர் வணிகர் மரக்கலத்தில் கொணர்ந்த பண்டம். நெய்தல் நிலத்துப் பரதவர் தம் வலை கிழியக்கண்டு வைத பார் அதுவன்று.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நிறத்தில் இருந்தே தொடங்குகிறது. செம்பவளத்தின் செம்மை அதன் எலும்பில் ஊறியது. ஆகவே உயிர் போனபின்பும் அந்நிறம் போவதில்லை. ஆயிரம் ஆண்டு கழித்து அகழ்ந்தெடுத்த மணிமாலையிலும் அது சிவந்தே இருக்கும். அவ்வுயிர் வாழ்வது கடற்குகைகளிலும் ஆழத்து இருளிலும். ஒளி அதற்கு வேண்டா. மிதந்து வரும் நுண்ணிரையைப் பிடித்து உண்டு, தன் உழைப்பால் மட்டும் வாழும். அதனால்தான் அது ஒரு சென்ரிமீற்றர் தடிக்க முப்பது நாற்பது ஆண்டு எடுக்கிறது. முருகைக்கல்லை ஆக்கும் பவளவுயிரின் கதை வேறு. அதன் எலும்பு வெள்ளைச் சுண்ணாம்பு. நிறமெல்லாம் தசையில் உள்ளது. அத்தசையில் உள்ள பழுப்பும் பொன்மையும் அதனுடையவை அல்ல, உள்ளே குடியிருக்கும் பாசியினுடையவை.

அக்குடியிருப்பை விரித்துச் சொல்ல வேண்டும். பவளவுயிர், விஞ்ஞான ஆசிரியர் பொலிப்பு என்பது, பெரும்பாலும் சில மில்லிமீற்றர் அளவே உள்ள ஒரு சிறு பை. பையின் மேலே ஒரு வாய்; வாயைச் சூழ விரல்கள் போன்ற உணர்கொம்புகள். கண் இல்லை, தலை இல்லை, உண்ட வாயாலேயே கழிவையும் உமிழும். அடியில் சுண்ணாம்பைச் சுரந்து ஒரு கிண்ணம் கட்டிக்கொண்டு அதில் அமரும். ஒன்று இரண்டாகப் பிரிந்தும் அரும்பியும் பெருகி, ஆயிரம் பதினாயிரமாய் ஒரே தோலால் இணைந்து நிற்கும். கிளைபோல் வளர்வன உண்டு, மூளைபோல் மடிந்து திரள்வன உண்டு, மேசைபோல் விரிவன உண்டு. இவற்றின் உடற்சுவர் இரண்டு அணுப்படைகளால் ஆனது. உட்படையின் அணுக்களுக்குள்ளே, அணுவுக்குள் அணுவாக, பாசி இருக்கிறது. ஒரு பாசியணுவின் குறுக்களவு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு. ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்பில் ஏறத்தாழ பத்து இலட்சம் இருக்கும். நம் கட்டைவிரல் நகத்தின் அளவான இடத்தில் ஒரு மாநகரத்துச் சனத்தொகை குடியிருக்கிறது என்று கொள்க.

இவை அங்கே எப்படிப் புகுந்தன? வாய்வழியாகத்தான். பவளவுயிர் அவற்றையும் இரையென்றே விழுங்குகிறது. ஆனால் விழுங்கிய பிற இரை செரித்துப்போக, இது செரியாமல் நின்றுவிடுகிறது. வெளியே நீந்தித் திரிந்தபோது இருந்த சாட்டைபோன்ற இழைகளை உதிர்த்து, உருண்டையாகி, அணுவுக்குள் ஒரு மென்தோல் அறையில் அமர்ந்துகொள்கிறது. பகலில் கதிரொளியைக் கொண்டு சர்க்கரை முதலியவற்றைச் சமைக்கிறது. சமைத்ததில் பத்தில் ஒன்பது பங்குவரையும் வீட்டுக்காரனுக்குக் கொடுத்துவிடக் கூடும் என்று அளந்தறிந்திருக்கிறார்கள். வீட்டுக்காரன் விடும் கரியமிலவாயுவும் அவன் கழிவிலுள்ள நைதரசன், பொசுபரசு உப்புக்களும் பாசிக்கு உணவாகின்றன. ஒருவன் கழிவு மற்றவன் உணவு. ஒருவன் மிச்சம் மற்றவன் செல்வம். வெப்பக்கடலின் தெளிந்த நீர் கண்ணுக்கு இனியது. ஆனால் அது உரமற்ற வறிய நீர். அவ்வறிய நீரில் இத்துணை உயிர்கள் செழிப்பது எவ்வாறு என்ற புதிருக்கு விடையில் பெரும்பங்கு இந்தச் சிக்கன வாழ்விலே இருக்கிறது.

கட்டடம் எழுவதும் இதனாலேயே. யமேக்கா தீவில் ஆய்வு நிகழ்த்திய தோமஸ் கோரோ, கதிரியக்கமுள்ள கல்சியத்தைக் கொண்டு, பவளவுயிர் இருளில் இருக்கும்போதைவிட ஒளியில் மிக விரைவாகச் சுண்ணாம்பு படிப்பதை 1950களின் இறுதியில் காட்டினார். கிளைப்பவளம் ஆண்டுக்குப் பத்து சென்ரிமீற்றர்வரை வளர்வதுண்டு. செம்பவளத்தின் மந்த வளர்ச்சியோடு இதனை ஒப்பிட்டால், ஒளியில் உழைக்கும் பாசியின் பெறுமதி விளங்கும். பாசி இல்லையேல் முருகைப்பார் இல்லை. பார் இல்லையேல் மாலைதீவு என்று ஒரு நாடு கடலுக்கு மேலே இராது.

இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாற்றில் நம் பேராதனைக்கும் ஓர் ஓரமான இடம் உண்டு. செருமானிய உயிரியலறிஞர் ஏர்ணஸ்ட் ஹெக்கல் 1881 நவம்பரில் கொழும்பில் வந்திறங்கி, 1882 மார்ச்சுவரை இலங்கையில் தங்கினார். கண்டிக்கு வந்து பேராதனைத் தாவரவியற் பூங்காவில் அதன் தலைவர் ஹென்றி டிரைமனின் விருந்தினராக இருந்தார். பின்னர்த் தென்கரைக்குச் சென்று வெலிகமையில் ஆய்வுகூடம் அமைத்தார். மணலூர் எனப் பொருள்படும் அவ்வூர்ப் பெயரை இத்தாலிய மொழியில் 'அழகிய மணி' என்று பொருள்படுமாறு திரித்து அவர் மகிழ்ந்தது, சொல்லாராய்ச்சி என்ற பெயரில் நம்மவர் சிலர் செய்வதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று! காலிக் கடலின் பவளத் தோட்டங்களில் பச்சை நிறம் மேலோங்கி நின்றதை அவர் வியந்து எழுதினார். பச்சைத் தீவின் கடலடியும் பச்சையே என்பது அவர்க்கு உவப்பாயிருந்தது. (அப்பச்சைக்குப் பாசி மட்டும் காரணமன்று, பவளவுயிர் தானே ஆக்கும் நிறப்பொருள்களும் காரணம்.) மனித இனங்களைப் பற்றி ஹெக்கல் எழுதியவற்றை இன்று எவரும் ஏற்பதில்லை, ஏற்கவும் கூடாது. கடலுயிர்களை வரைந்த கையை மட்டும் நாம் மதிக்கலாம்.

வியப்பு என்னவெனில், விடையின் பாதி அவர் கையில் ஏற்கெனவே இருந்தது. கடலில் மிதக்கும் கதிருயிர்கள் என்னும் நுண்ணுயிர்களின் உடலில் மஞ்சள் அணுக்கள் காணப்படும். அவற்றில் மாப்பொருள் இருப்பதை 1870இல் கண்டு எழுதியவர் ஹெக்கலே. மாப்பொருள் தாவரத்தின் அடையாளம். ஆயினும் அம்மஞ்சள் அணுக்கள் விலங்கின் உறுப்பல்ல, வேறோர் உயிர் என்று அவர் துணியவில்லை. அடுத்த ஆண்டில் சியன்கோவ்ஸ்கி என்பவர் அவை தனியுயிர்கள் என்றார். ஹெக்கல் இலங்கைக்குக் கப்பலேறிய அதே 1881இல், கார்ல் பிராண்ட் என்ற இளம் அறிஞர் அவற்றுக்குச் சூசாந்தெல்லா என்று பெயரிட்டார்; விலங்கில் வாழும் மஞ்சள் உயிர் என்பது கருத்து. 1882இல் பற்றிக் கெடிஸ் என்ற இசுக்கொத்துலாந்து இளைஞர், கடற்சாமந்தி போன்றவற்றை ஒளியில் வைத்து அவற்றிலிருந்து ஒட்சிசன் வெளிப்படுவதைக் காட்டி, அப்பாசிக்கு 'விலங்கின் அன்பன்' என்று பொருள்படும் வேறொரு பெயரை இட்டார். பெயர்ப்போட்டியில் பிராண்டே வென்றார். தமிழர்க்குக் கெடிஸ் அந்நியர் அல்லர். நகர அமைப்பாளராகிச் சென்னை மாகாணத்து ஊர்களைப் பார்த்து அறிக்கை எழுதியவரும், 1921இல் கொழும்பு நகருக்குத் திட்டம் வரைந்தவரும் அவரே. ஒருவன் கழிவு மற்றவன் உணவாவதை இளமையில் நுணுக்கியில் கண்டவர், முதுமையில் ஊர்களைப் பற்றிச் சிந்தித்தார் என்பது எனக்கு இயல்பான வளர்ச்சியாகவே தோன்றுகிறது.

கடலுக்குப் போக இயலாத கண்டி மாணாக்கர் இந்த வாழ்வைக் காண விரும்பினால், ஒரு கமுக மரத்தின் அடியில் நின்றால் போதும். அதன் தண்டில் சாம்பலும் வெள்ளையும் இளம்பச்சையுமாய்த் திட்டுத் திட்டாய்ப் படர்ந்திருப்பது இலைக்கன். ஏரிக்கரைச் சுவரிலும், உடவத்தைக் காட்டு மரங்களிலும், பேராதனைப் பூங்காவின் பனைநிரையிலும் அது உண்டு. பூஞ்சணம் ஒன்று வீடாக நிற்க, பாசி அதனுள் குடியிருக்கும். பவளத்தில் விலங்கு செய்வதை இங்கே பூஞ்சணம் செய்கிறது. 1849இலிருந்து பேராதனைப் பூங்காவை முப்பதாண்டு காத்த துவெயிற்ஸ், இலங்கைக்கு வருமுன் நுண்பாசிகளை ஆராய்ந்து பெயர் பெற்றவர். அவர் இங்கே திரட்டி அனுப்பிய இலைக்கன்களைக் கொண்டு, லெய்ற்றன் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1870இல் இலங்கை இலைக்கன்கள் பற்றிய நூலை வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டில்தான், சுவிற்சலாந்தின் சுவெண்டனர், இலைக்கன் ஓர் உயிரன்று, இரண்டு உயிர் என்று விரித்தெழுதி அறிஞருலகைக் கலக்கினார். பூஞ்சணம் ஆண்டான், பாசி அடிமை என்பது அவர் உருவகம். இலைக்கன் ஆராய்ச்சியில் தலைமை பெற்றிருந்த நைலாண்டர் அதனைக் கடைசிவரை எதிர்த்தார். இலங்கை இலைக்கன்களைப் பற்றி அவர் எழுதிய நூல் அவர் மறைந்த அடுத்த ஆண்டு, 1900இல் வெளிவந்தது. வாழ்நாள் முழுவதும் நுணுக்கியில் பார்த்ததையே நம்ப மறுத்த பெரும்புலமை அது. புலமைக்கு இப்படியும் ஒரு முகம் உண்டு.

நம் மொழியும் இலைக்கனைப் பாதியளவே கண்டது. செட்டிநாட்டுச் சமையலில் மணத்துக்காகச் சேர்க்கும் கற்பாசி உண்மையில் ஓர் இலைக்கனே. பெயரில் கல் இருக்கிறது, பாசி இருக்கிறது. வீட்டைக் கட்டிய பூஞ்சணத்தை மட்டும் காணோம். முருகைக்கல்லிலோ கல் ஒன்றுதான் இருக்கிறது.

மாணாக்கர் கேட்கும் சொல்லுக்கு வருவோம். செருமானியர் பிராங்க் 1877இலும், தெ பாரி 1878இலும் இலைக்கன் முதலியவற்றை விளக்க, கூடி வாழ்தல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லை ஆண்டனர். வேறுபட்ட உயிர்கள் சேர்ந்து வாழ்வது என்பதே தெ பாரி தந்த பொருள். இருவர்க்கும் நன்மை என்ற கருத்து அதில் கட்டாயமன்று. ஒட்டுண்ணியும் அதற்குள் அடங்கும். ஆகவே 'ஒன்றியவாழ்வு' என்ற நம் பாடநூற்சொல் பொருத்தமானது என்பேன். ஒன்றுதல் பொருந்துதல், அதில் நட்பும் இல்லை, பகையும் இல்லை. கூட்டுவாழ்வு என்பாரும் உளர். அது சங்கக்கடையையும் கூட்டுறவுச் சங்கத்தையும் நினைவூட்டுகிறது.

இலக்கணத்தில் இதற்கு ஓர் உவமை காட்டுவது வகுப்பில் பயன்படுகிறது. இராப்பகல் என்பது உம்மைத்தொகை. இரண்டும் தம் பொருளோடு நிற்கும். பொற்றொடி வந்தாள் என்னும்போது வந்தது பொன்னுமன்று, தொடியுமன்று. இரண்டும் சேர்ந்து சுட்டிய மூன்றாவது ஒருத்தி. அது அன்மொழித்தொகை. இலைக்கனும் முருகைப்பாரும் உம்மைத்தொகை அல்ல. பூஞ்சணம் தனித்து எடுக்காத வடிவத்தை இலைக்கன் எடுக்கிறது; பவளவுயிர் தனித்துக் கட்டாத மலையைப் பாசியோடு கூடிக் கட்டுகிறது.

ஆனால் இதனை நட்பதிகாரத்துக்கு விளக்கமாக மேடையில் எடுத்துப் பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. இலக்கிய மன்றங்களில் அத்தகைய சொற்பொழிவுகளை நான் கேட்டிருக்கிறேன். பவளவுயிர் பாசிக்குக் கிடைக்கும் நைதரசனைக் குறுக்கி அதனை அரைப்பட்டினியில் வைக்கிறது என்றும், வயிறு நிறைந்தால் பாசி பெருகிச் சர்க்கரையைத் தனக்கே வைத்துக்கொள்ளும் என்றும் ஆய்வாளர் கூறுகின்றனர். இது நண்பர் இருவர் கதையன்று, ஒரு தராசு. ஒரு தட்டில் சிறிது கனத்தால் மற்றது மேலே போய்விடும். அத்தராசு எங்கே சாய்கிறது என்பதுதான் நம் காலத்துக் கேள்வி.

கடல்நீர் அவ்விடத்துக் கோடைக்காலத்து வழக்கமான உச்சவெப்பத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் ஏறிச் சில வாரம் நின்றால் தராசு சாய்ந்துவிடும். பாசியின் ஒளிச்சமையல் தடுமாறி, சர்க்கரைக்குப் பதிலாக நச்சுத்தன்மை கொண்ட ஒட்சிசன் வடிவங்களைக் கக்கத் தொடங்கும். வீட்டுக்காரன் குடியிருப்பவனை வெளியேற்றுவான். பொன்மை போய்த் தசை கண்ணாடிபோலாகி, உள்ளேயுள்ள வெள்ளெலும்பு தெரியும். இதனை முருகை வெளிறல் என்பர். வெளிறிய பவளம் செத்த பவளம் அன்று என்பதை மாணாக்கர் குறித்துக்கொள்ள வேண்டும். அது பட்டினி கிடக்கிறது. சில வாரத்தில் நீர் குளிர்ந்தால் எஞ்சிய பாசி பெருகி, நிறம் மீளும். குளிராவிட்டால் தசை அழுகி, எலும்பின்மேல் வேறு பாசிகள் நார்போல் படர்ந்து மூடிவிடும்.

இலங்கைக் கரை இதனைப் பேரளவில் கண்டது 1998இல். உலகெங்கும் அவ்வாண்டு கடல் கொதித்தது. ஹிக்கடுவையில் கடலடிப் பரப்பில் ஏறத்தாழ 47 நூற்றுவீதமாக இருந்த உயிர்ப்பவளம் 7 நூற்றுவீதமாகச் சுருங்கியது. கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பெரும்பாரின் ஆழங்குறைந்த பகுதிகளில் ஏறக்குறைய எதுவும் எஞ்சவில்லை. 1979இலேயே ஹிக்கடுவை காப்பிடமாகப் பிரகடனம் செய்யப்பட்டிருந்தது. கற்பிட்டிப் பார் 1992இல். வேலி போட்டுக் காக்கலாம். வெந்நீருக்கு வேலி ஏது? திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக்கு எதிரிலுள்ள புறாத்தீவுப் பார் அவ்வாண்டு பெரும்பாலும் தப்பியது. 2003இல் அது தேசியப் பூங்காவாயிற்று. அதன்பின் 2010இலும், 2014 முதல் 2017 வரையிலும் உலகளாவிய வெளிறல்கள் வந்தன. நான்காவது ஒன்று 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது.

வெப்பம் உலகோர் எல்லாரும் சேர்ந்து செய்த வினை. காளவாய் நாமே செய்தது. முருகைக்கல் கல்லாகத்தான் நம் ஊர்களில் பயன்பட்டது. நெடுந்தீவில் வளவுகளைச் சூழ முருகைக்கற்களை அடுக்கிய மதில்கள் இன்றும் நிற்கின்றன. யாழ்ப்பாணக் கோட்டையும் அக்கல்லால் எழுந்ததே. கரையில் ஒதுங்கிய இறந்த கல்லை எடுத்து அடுக்கியவரைக் குறைகூறுவதற்கில்லை. மிகுந்த அழிவு சுண்ணாம்பால் வந்தது. தென்மேல் கரையில் அம்பலாங்கொடைக்கும் திக்குவல்லைக்கும் இடையே, கடலிலிருந்தும் கரையிலிருந்தும் நிலத்தினுள் புதைந்த பழம்பாரிலிருந்துமாக, ஆண்டுக்கு ஏறத்தாழ 18,000 தொன் தோண்டப்பட்டதாக 1984இல் கணக்கெடுத்தனர். கண்டியார் நாம் திகனையிலும் மாத்தளையிலும் வெட்டும் மலைச் சுண்ணக்கல்லைச் சுட்டதால் இப்பழியில் பங்கு குறைவு. அக்கல் இன்றைய பவளக் குலம் உலகில் தோன்றுமுன்பே இறுகிய கல். அதனைக் கல் என்று சொல்லுவதில் குற்றமில்லை. கடற்கரையிலோ, ஒரே பெயரால் உயிருள்ளதும் உயிரற்றதும் ஒரே காளவாய்க்குப் போயின. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தை 1988இல் திருத்தி இதனைத் தடைசெய்தனர். தடை வந்தபின்பும் இரவில் தோண்டியோர் உண்டு.

அதன் விலை 2004 டிசம்பர் 26இல் தெரிந்தது. ஹிக்கடுவைக்கு அருகே பெரலியவில் ஆழிப்பேரலை கடலோரப் புகையிரதம் ஒன்றைப் புரட்டியெறிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அவ்விடத்தை ஆராய்ந்த ஹரிந்திர பெர்னாண்டோ முதலியோர் 2005இல் வெளியிட்ட கட்டுரை, பார் காப்பாற்றப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலை தாழ்ந்து கரையோடு அடங்கியதையும், பார் தோண்டப்பட்டிருந்த பெரலியவில் அது உயர்ந்தெழுந்து ஒரு கிலோமீற்றருக்கு மேல் உள்ளே பாய்ந்ததையும் ஒப்பிட்டுக் காட்டுகிறது. இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தொலைவு சில கிலோமீற்றரே. மன்னார் வளைகுடாவின் மறுகரையிலும் இதே கதை. 1986இல் அங்கே 21 தீவுகளைச் சேர்த்துக் கடற்பூங்கா அமைத்தனர். பவளம் வெட்டியெடுத்ததன் விளைவாகப் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீரில் மூழ்கிப்போயின. தமிழில் அழகிய பெயர்பெற்ற இரண்டு நிலத்துண்டுகள் இன்று பெயர்கள் மட்டுமே.

மலையில் இருப்போர்க்கு இதில் என்ன என்று கேட்கலாம். பேராதனைப் பூங்காவை வளைத்தோடும் மகாவலி கங்கை, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. மலைச்சரிவில் காடழித்துக் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் நட்ட நாள்முதல், மழைக்காலத்தில் நம் ஆறு செந்நிறமாக ஓடுகிறது. அச்செம்மையைப் புதுவெள்ளம் என்று மகிழ்ந்து பாடலாம். பாசிக்கோ ஒளி வேண்டும். கலங்கல் நீர் ஒளியை மறைக்கும். அதிலுள்ள மண் படிந்து வாயை அடைக்கும். ஆறு விழும் இடத்தில் முருகைப்பார் தழைப்பதில்லை என்பது பொதுவிதி. அணைகள் வந்தபின் மண்ணில் ஒரு பகுதி அணைக்குள் தங்கிவிடுகிறது என்பதும் உண்மை. எனினும் நம் தோட்டத்து மண்ணுக்கும் கீழ்க்கரைக் கடலுக்கும் இடையே ஒரு கணக்கு இருந்துகொண்டே இருக்கிறது.

மாணவிக்கு நான் சொன்ன விடை இதுதான். முருகைக்கல் என்பது இறந்தபின் எஞ்சும் எலும்புக்குப் பெயர். அந்த அளவில் அது பிழையன்று. உயிரோடு இருக்கும்போது அதனை முருகை என்றே எழுதுக. அவை சேர்ந்து எழுப்பும் மேட்டுக்குப் பாறை என்ற சொல் வேண்டா. முத்துக்குளிப்போர் வாயில் வழங்கும் 'பார்' என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. முத்துப்பார் என்பது போல முருகைப்பார் என்க. பாடநூலார் கற்பார் என்று நடுவே ஒரு கல்லைச் செருகுகின்றனர். அந்தக் கல்லைத் தூக்கி எறிந்துவிட்டால் சொல்லும் இலேசாகும். அவள் உடனே, "அப்படி எழுதினால் புள்ளி குறைப்பார்களே, ஐயா" என்றாள். அதற்கு விடை சொல்ல வேண்டியவர் கலைச்சொல் ஆக்குவோர்.

அவள் கேட்ட இன்னொரு கேள்வியும் உண்டு: பாசி தாயிடமிருந்து பிள்ளைக்கு வருமா? சில இனங்களில் வரும். தாய் முட்டையிலேயே பாசியை வைத்துவிடுகிறது. ஆனால் கிளைப்பவளங்கள் பலவற்றில் அப்படியன்று. அவை ஆண்டில் குறித்த சில இரவுகளில் முட்டையையும் விந்தையும் ஒருங்கே கடலில் விடுகின்றன. கருவுற்றுப் பிறக்கும் குடம்பி நிறமற்றது, பாசியற்றது, ஊசிமுனை அளவினது. சில நாள் மிதந்து திரிந்து, இறந்த பவளத்தின் எலும்பிலோ வேறு பற்றுக்கோட்டிலோ ஒட்டிக்கொள்கிறது. வாய் திறந்தபின், அருகே நீந்திவரும் பாசிகளுள் ஒன்றிரண்டை விழுங்குகிறது. விழுங்கியவற்றுள் பொருந்தாதன செரித்தோ உமிழப்பட்டோ போகின்றன. பொருந்தியது உள்ளே தங்கி, இரண்டாகி, நான்காகி, சில வாரத்தில் அந்தக் கண்ணாடித் துளியைப் பொன்னிறமாக்குகிறது.